மழலையர் வகுப்பில் முதல் ஆண்டு: புதிய ஆசிரியைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிக்கரை ஊர் ஒன்றில் எல்.கே.ஜி. வகுப்பை 16 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒவ்வொரு மே மாதமும் புதிதாகப் பணியில் சேரும் பெண்கள் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நடைமுறையை மனத்தில் கொண்டு எழுதியவை இவை.

மழலையர் வகுப்பு எடுக்க என்ன படித்திருக்க வேண்டும்?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரிக்கும் இரண்டாண்டு மழலையர் கல்விப் பட்டயம் இந்தப் பணிக்கென்றே வகுக்கப்பட்டது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுத்த முறையில் பயிற்சி பெற்றவர்களையும், தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்தவர்களையும் தனியார் பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆசிரியர் தகுதித் தேர்வு 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. அரசுத் தரப்பில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019-ஆம் ஆண்டு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான ஐந்து ஆண்டுகளையும் ஒரே அடித்தளக் கட்டமாகக் கருதுவதால், மழலையர் கல்வியைப் பற்றிய பேச்சு முன்பைவிட இப்போது அதிகமாகவே காதில் விழுகிறது. பட்டயம் கையில் இருந்தாலும், பணியில் சேரும் முன் பத்து நாட்களாவது ஓர் அனுபவமுள்ள ஆசிரியையின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

முதலில் அறையின் நடுவே தரையில் உட்கார்ந்து நான்கு பக்கமும் பாருங்கள். நீங்கள் நின்று பார்க்கும் அறை வேறு, மூன்று வயதுக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் அறை வேறு. சுவரில் ஆறடி உயரத்தில் ஒட்டிய அட்டைகள் பெற்றோருக்கு அழகாகத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. பை மாட்டும் கொக்கி குழந்தையின் தோள் உயரத்தில் இருக்க வேண்டும். மேசை முனைகள், மின்செருகிகள், ஆடும் அலமாரி, கதவிடுக்கு ஆகியவை தரையிலிருந்து பார்க்கும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது, குழந்தைகளைப் பற்றிய விவரம். சேர்க்கைப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். நமக்கு உண்மையில் தேவைப்படுபவை பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, காய்ச்சல் வந்தால் வலிப்பு வந்ததுண்டா, மாலையில் அழைத்துச் செல்ல யார் யார் வருவார்கள் என்பவற்றை ஒரு தனித்தாளில் கேட்டு வாங்குங்கள். அதனுடன், சிறுநீருக்கும் மலத்துக்கும் அந்த வீட்டில் என்ன சொல் சொல்கிறார்கள் என்றும் கட்டாயம் கேளுங்கள். ஒரு வீட்டில் ‘சுச்சா’, இன்னொரு வீட்டில் ‘ஒண்ணுக்கு’, வேறொரு வீட்டில் ‘மூச்சா’. அந்தச் சொல் நமக்குத் தெரியாததால் பாவாடையை நனைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்ற ஒரு குழந்தையை என் முதல் ஆண்டில் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வியை என் தாளில் முதல் வரியாகச் சேர்த்தேன்.

பிறந்த தேதிகளை வரிசைப்படுத்தியும் ஒருமுறை பாருங்கள். ஒரே எல்.கே.ஜி. வகுப்பில் இருக்கும் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறக்குறைய ஓர் ஆண்டு இடைவெளி இருக்கும். மூன்று வயதில் ஓராண்டு என்பது அக்குழந்தையின் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. ‘மந்தமான பிள்ளை’ என்று பிறர் சொல்லும் குழந்தை பல நேரங்களில் அந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பதைக் காண்பீர்கள்.

முதல் வாரம் முழுவதும் அழுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

அழுகை இயல்பு. தாயை விட்டுப் பிரியும்போது அழாத குழந்தையைத்தான் நான் கூடுதல் கவனத்துடன் பார்ப்பேன், ஏனெனில் அதன் பயம் சிலவேளை உள்ளேயே தங்கி இரண்டாவது வாரத்தில் வெளிவரும். முடிந்தால் முதல் வாரத்தில் பாதிப் பேரை ஒரு வேளையும் மறுபாதிப் பேரை இன்னொரு வேளையும் வரச்சொல்ல நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்.

குழந்தை வேறெங்கோ பார்க்கும் நேரத்தில் நழுவிப் போய்விடலாம் என்று பெற்றோர் நினைப்பார்கள்; அதை அனுமதிக்காதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அம்மா மறைந்துபோயிருந்தால், மறுநாள் முதல் அந்தக் குழந்தை ஒரு கணமும் அம்மாவின் புடவையை விடாது. ‘போய் வருகிறேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, ஒருமுறை கட்டியணைத்து, பிறகு தயங்காமல் போய்விட வேண்டும். வாசலிலேயே நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் கூடாது.

‘அம்மா இதோ வந்துவிடுவார்’ என்று சொல்லாதீர்கள். ‘இதோ’ என்று சொல்லி மூன்று மணி நேரம் கழிந்தால், அதன் பின் நாம் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதில் நேரத்தைச் செயல்களால்தான் சொல்ல முடியும்: ‘பாட்டுப் பாடுவோம், டிபன் சாப்பிடுவோம், கை கழுவுவோம், கதை கேட்போம், அப்புறம் அம்மா வருவார்’ என்று விரல் மடக்கிச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டுங்கள். நான்காம் நாளே குழந்தை தானாக விரலை எண்ணத் தொடங்கும். ஆயாம்மாவின் மடி இந்த நாட்களில் பெரும் துணை. அவரிடம் மரியாதையாகவும் முன்கூட்டியும் பேசி, யாரை யார் தூக்குவது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

உடல் அசையும் வேலையும் அமர்ந்து செய்யும் வேலையும் மாறி மாறி வர வேண்டும் என்பதே அடிப்படை. எங்கள் வகுப்பில் காலை 9.15 முதல் வட்டமாக உட்கார்ந்து வருகை, பாட்டு, நேற்று வீட்டில் நடந்தது பற்றிய பேச்சு, 9.40 முதல் நான்கு மூலைகளில் கைவேலையும் விளையாட்டும், 10.30-க்குக் கைகழுவுதலும் டிபனும், அதன்பின் வெளி விளையாட்டு, 11.20-க்கு எண் அல்லது எழுத்து தொடர்பான செயல் பதினைந்து நிமிடம் மட்டும், கடைசியில் கதை. அமர்ந்து கேட்கும் வேலை எதுவும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

இந்த வரிசையை ஆகஸ்ட் வரை மாற்றாதீர்கள். ஒரு செயலிலிருந்து அடுத்ததற்கு மாறும் இரண்டு மூன்று நிமிடங்களில்தான் தள்ளுமுள்ளும் அழுகையும் நிகழ்கின்றன. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அடையாள ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கி வைக்க ஒரு பாட்டு, கைகழுவ ஒரு பாட்டு, கதைக்கு ஒரு சிறு மணி என்று வைத்தால், ஒரு மாதத்தில் நீங்கள் வாய் திறக்காமலே முப்பது பிள்ளைகள் எழுந்து வரிசைக்கு வருவார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் இந்தப் பழக்கத்துக்கே உரியவை. அந்த இரண்டு மாதங்களில் பாடம் பின்தங்குகிறதே என்று பதறி எழுத்துக்குத் தாவியவர்கள் மார்ச் வரை கத்திக்கொண்டே இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

வகுப்பில் 40 குழந்தைகள் இருக்கிறார்கள். ஒருவரால் முடியுமா?

முடியாது என்பதே நேர்மையான பதில். 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் 20 பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவைக் குறிப்பிட்டு நிர்வாகத்திடம் எழுத்தில் உதவியாளர் கேளுங்கள். அவர் வரும்வரை, பிள்ளைகளை எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பூவின் அல்லது பறவையின் பெயரையும் ஒரு பாயையும் கொடுத்துவிடுங்கள். ஒரு குழுவுடன் நீங்கள் உட்கார்ந்திருக்கையில் மற்ற குழுக்கள் ஏற்கெனவே நன்கு பழகிய வேலையையே செய்ய வேண்டும். புதிய வேலையை நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

விளையாட்டுப் பொருட்கள் இரண்டே நாளில் கலைந்துவிடுகின்றன. எப்படி ஒழுங்காக வைப்பது?

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததால் இங்கே பல ஆசிரியர்கள் அவரிடம் நேரடியாகக் கற்றார்கள். அவருடைய முறையிலிருந்து எந்தச் சிறிய பள்ளியும் செலவின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு: தாழ்வான திறந்த அலமாரி, ஒரு தட்டில் ஒரு வேலை, ஒவ்வொரு தட்டுக்கும் மாறாத ஓர் இடம். எல்லாவற்றையும் ஒரே பெரிய கூடையில் கொட்டி வைப்பதுதான் குழப்பத்தின் வேர். தட்டின் மீதும், அது இருக்க வேண்டிய இடத்தின் மீதும் ஒரே படத்தை ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தை படத்தோடு படத்தைச் சேர்த்துத் திருப்பி வைக்கும். பத்துத் தட்டுகள் மட்டும் வெளியே இருக்கட்டும். மீதியைப் பூட்டி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று தட்டுகளை மாற்றுங்கள்.

பொருட்களைக் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விநாயகர் சதுர்த்திக்குப் பொம்மை செய்வோரிடம் கேட்டால் ஒரு சாக்குக் களிமண் கிடைக்கும். ஈரத்துணி சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் வரும். தென்னை ஓலை, கொட்டாங்குச்சி, மரக்கரண்டி, பழைய துணித்துண்டுகள் போதும். புளியங்கொட்டையும் சோழியும் எண்ணுவதற்கு மிக அருமையானவை, ஆனால் மூன்று வயதினர் அவற்றை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். ஆகவே, ஒரு பெரியவர் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணுங்கள்.

எத்தனை பதிவேடுகள் வைத்துக்கொள்ள வேண்டும்?

பள்ளி கேட்கும் வருகைப் பதிவேடும் பாடக்குறிப்பும் இருக்கவே செய்யும். உங்களுக்கென்று ஒரே ஒரு நோட்டு வையுங்கள். தாள்களில் எழுதிய குறிப்பு தொலைந்துபோகும், கைப்பேசியில் எழுதியது கண்ணில் படாது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டில் ஒரு குழந்தைக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, ஓரத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டால் போதும்.

ஒவ்வொரு நாளும் எல்லோரையும் பற்றி எழுத முயன்றால் மூன்றாம் நாளே நின்றுவிடும். 25 பேர் இருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால், வாரம் முடிவதற்குள் அனைவரையும் ஒருமுறை பார்த்திருப்பீர்கள். எழுதும்போது தீர்ப்பைத் தவிர்த்து, கண்ணால் கண்டதை எழுதுங்கள். ‘பிடிவாதக்காரன்’ என்று எழுதினால் அதை வைத்து அடுத்த வாரம் எதையும் செய்ய முடியாது. ‘ஜூலை 8: சிவப்பு வண்டியைத் தரச் சொன்னதும் கீழே படுத்து அழுதான், ஐந்து நிமிடம் கழித்துத் தானே எழுந்து வந்து தண்ணீர் கேட்டான்’ என்று எழுதினால், அடுத்த முறை ஐந்து நிமிடம் பொறுத்திருக்கத் தோன்றும். ‘யாருடனும் பேசவில்லை, ஆனால் மீன்தொட்டியிடம் பேசினாள்’ என்று நான் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான், ஒரு குழந்தையை மீன்தொட்டி அருகே உட்காரவைத்து வாய் திறக்கச் செய்தோம்.

மூன்று வயதிலேயே எழுத வைக்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். என்ன பதில் சொல்வது?

கையின் அமைப்பைச் சொல்லி விளக்குங்கள். பெற்றோர் ஏற்றுக்கொள்வதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகப் பல ஆண்டுகளில் எலும்பாக மாறுகின்றன. கடைசி எலும்பு உருவாகத் தொடங்க ஏறத்தாழ எட்டு வயதுக்கு மேல் ஆகும். விரல்களின் தசையும் பிடியும் வலுப்பெறாத வயதில் இரட்டைக்கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் செய்தால், குழந்தை பென்சிலை முஷ்டியால் பிடிக்கவும் எழுத்தை வெறுக்கவும் கற்றுக்கொள்ளும்.

இதற்கு மாற்றாக நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. விஜயதசமியன்று குழந்தையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ விரலைப் பிடித்து எழுத வைக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். முதல் எழுத்து விரலால்தான் தொடங்குகிறது. அதே தட்டில் மணலையோ ரவையையோ பரப்பி வகுப்பில் ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். களிமண் பிசைதல், ஈரத்துணி பிழிதல், பூத்தொடுத்தல், கோலப்புள்ளிகளை இணைத்தல், காகிதம் கிழித்தல் என எல்லாமே எழுத்துக்கான பயிற்சிதான்.

எழுதத் தொடங்கும் வேளையில் அகரவரிசையையே பின்பற்ற வேண்டியதில்லை. ‘அ’, ‘இ’ ஆகியவை சுழியும் வளைவும் நிறைந்தவை, பிஞ்சு விரலுக்குக் கடினமானவை. நேர்க்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ இரண்டையும் முதலில் எடுத்து, பிறகு ‘ம’வைச் சேர்த்தால், ‘படம்’, ‘பட்டம்’ என்ற முழுச் சொற்கள் சில நாட்களில் கிடைத்துவிடும். 247 எழுத்துகளையும் யு.கே.ஜி. முடிவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பெற்றோரும் நாமும் சேர்ந்தே விட வேண்டும்.

ஆங்கில வழிப் பள்ளியில் தமிழில் பேசலாமா?

பேச வேண்டும். தண்ணீர் தாகத்தையும் வயிற்றுவலியையும் சொல்ல ஆங்கில வாக்கியம் கேட்கும் வகுப்பில் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். முதலில் வீட்டுமொழியில் சொல்லட்டும். நாம் அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும். வீட்டுமொழி தமிழாகவே இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மதுரையிலும் கும்பகோணத்திலும் சௌராஷ்டிரம் பேசும் வீடுகளும், பல மாவட்டங்களில் தெலுங்கு, உருது பேசும் வீடுகளும் உண்டு. அக்குழந்தைகளுக்குத் தமிழே இரண்டாவது மொழி. அவர்கள் வீட்டில் புழங்கும் பத்துச் சொற்களை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

அடிக்காமல், மிரட்டாமல் வகுப்பை நடத்த முடியுமா?

முடியும், நடத்தித்தான் ஆக வேண்டும். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதும் மனவேதனைக்கு உள்ளாக்குவதும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்துக்கு அப்பால், மூன்று வயதில் கடிப்பதும் பிடுங்குவதும் சொல் போதாமையால் நிகழ்பவை. கடித்த குழந்தையைத் திட்டும் முன், கடிபட்ட குழந்தையை முதலில் அணைத்து ஆறுதல் சொல்லுங்கள்; பிறகு கடித்த குழந்தையிடம், ‘எனக்கும் தா என்று சொல்’ என அதற்குத் தேவையான சொல்லைக் கொடுங்கள். எந்த நேரத்தில் கடிக்கிறது என்று நோட்டில் குறித்தால், அது பெரும்பாலும் டிபனுக்கு முந்தைய பசிநேரமாக இருக்கும். ‘போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்’, ‘பூச்சாண்டி வருவான்’ என்ற மிரட்டல்களும் வேண்டாம்.

பாதுகாப்பில் எவற்றை ஒருபோதும் விடக் கூடாது?

தலை எண்ணுவதை. வகுப்பை விட்டு வெளியே போகும்போதும் திரும்பும்போதும் வேனில் ஏற்றும்போதும் எண்ணுங்கள். தாளில் எழுதிக் கொடுத்த நபரைத் தவிர வேறு யார் வந்தாலும், அது சொந்த மாமாவாகவே இருந்தாலும், பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்காமல் குழந்தையை அனுப்பாதீர்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் எங்கள் வகுப்பில் வெளியேறும் ஒத்திகை நடத்துகிறோம்: கதவு பூட்டப்படாமல் இருக்கிறதா, வழியில் பெஞ்சு கிடக்கிறதா, பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறோம்.

காய்ச்சல் வலிப்பைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் 6 மாதம் முதல் 5 வயது வரை அது வரக்கூடியது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் கூடவே கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். தாண்டாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைக்கு வீட்டிலோ வெளியிலோ துன்பம் நேர்கிறது என்ற ஐயம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் புகார் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி நம் கடமை.

பெற்றோருடன் எப்போது, எப்படிப் பேசுவது?

வாசலில், மற்ற பெற்றோர் நடுவே, குழந்தையின் காதுபட எந்தக் குறையையும் சொல்லாதீர்கள். வாசலில் சொல்லக்கூடியது அன்று நடந்த நல்ல செய்தி ஒன்று மட்டும்: ‘இன்று முழு இட்லியும் சாப்பிட்டாள் அம்மா’ என்பது போல. கவலை தரும் செய்தியை நேரம் குறித்து உட்கார்ந்து பேசுங்கள். நோட்டைத் திறந்து தேதியுடன் படித்துக் காட்டினால் வாக்குவாதம் எழாது. வாட்ஸ்அப் குழுவில் பொது அறிவிப்பு மட்டும் போதும். ஒரு குழந்தையின் அழுத முகமோ நனைந்த உடையோ அங்கே போகக் கூடாது.

மாலையில் குரலே வருவதில்லை. என்ன செய்வது?

அறையின் மறுகோடியில் இருக்கும் குழந்தையைக் கூவி அழைக்காமல் அருகே நடந்து சென்று பேசுங்கள். கவனத்தை ஈர்க்கக் கைதட்டலையும் மணியையும் பயன்படுத்துங்கள். பிள்ளைகளைப் போல நீங்களும் மணிக்கொருமுறை தண்ணீர் குடியுங்கள். கதையை மெதுவான குரலில் தொடங்கினால் வகுப்பு தானே அடங்கும்.

ஆண்டு முழுவதும் ஒழுங்கு குலையாமல் இருக்க ஒரு வழி?

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு இருபது நிமிடம். தட்டுகளில் தொலைந்த துண்டுகளைச் சேர்ப்பது, உடைந்த வண்ணக்குச்சிகளை எடுப்பது, மாற்றுத்துணிப் பையைச் சரிபார்ப்பது, திங்களுக்கான பொருளை எடுத்து மேசையில் வைப்பது, நோட்டில் யார் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று பார்ப்பது. இந்த இருபது நிமிடத்தை நவம்பர் மழையிலும் ஆண்டுவிழா ஒத்திகையிலும் விடாமல் காத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடையதாகவே இருக்கிறது.

ஏப்ரலில் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். யு.கே.ஜி. ஆசிரியையுடன் ஒரு மதியம் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டி, அவரிடமே கொடுத்துவிடுங்கள். யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, யார் கோபம் ஐந்து நிமிடத்தில் தணியும், யார் எந்தச் சொல்லால் கழிப்பறைக்குக் கேட்பார் என்பதெல்லாம் ஜூன் முதல் நாளன்றே அவருக்குத் தெரிந்திருக்கும்.